ஐயரா, கவுன்சலரா, டாக்டரா? மலைமேல் இருப்பவர்கள் முதலில் யாரிடம் போவது

போன மாதம் கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் மேட்டுப்பாளையம் வண்டிக்காக நின்றுகொண்டிருந்தேன். முன்பு என்னிடம் ஏழாம் வகுப்பு படித்த பெண், இப்போது அவளுக்கே வளர்ந்த பிள்ளைகள், குடையை மடக்கிக்கொண்டு பக்கத்தில் வந்தாள். "டீச்சர், ஒரு விஷயம் கேக்கணும்." அவள் கணவனின் தம்பி இறந்து நாலு மாதமாகிறது. அன்றிலிருந்து கணவன் சரியாகத் தூங்குவதில்லை, தேயிலைக்கு மருந்தடிக்கப் போவதில்லை, சோற்றுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருக்கிறான். மாமியார் உபவாச ஜெபத்துக்குக் கூட்டிப் போகச் சொல்கிறார். மகள் ஊட்டியில் டாக்டரைப் பார்க்கலாம் என்கிறாள். சி.எஸ்.ஐ. சபைப் போதகரை நாங்கள் ஐயர் என்போம்; அவர் மனைவி ஐயரம்மாவோ குன்னூரில் கவுன்சலிங் படித்த ஒரு கன்னியாஸ்திரி, ஒரு சிஸ்டர் இருக்கிறார் என்று சொல்லியிருக்கிறார். "யார்கிட்ட முதல்ல போறது டீச்சர்?"

வண்டி வந்துவிட்டதால் அரைகுறையாக ஏதோ சொல்லிவிட்டு ஏறினேன். குஞ்சப்பனை தாண்டும் வரை அது மனதை அரித்தது. இதே கேள்வியோடு வேறு சிலரும் வந்திருக்கிறார்கள் என்பதால், அன்று சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, ஊழியக்காரியும் இல்லை. பள்ளிக்கூடத்தில் காலம் தள்ளியவள், பாஸ்டரல் கவுன்சலிங்கில் (விசுவாசத்தையும் சேர்த்து மனக்கஷ்டத்தைக் கேட்டுப் பேசும் ஆலோசனை) ஒரு சின்னப் பயிற்சிக்குப் போனவள், குடித்துக் குடித்து வீட்டையே ஆட்டிவைத்த ஒரு தம்பிக்கு அக்கா. மூன்றாவதுதான் அதிகம் கற்றுக்கொடுத்தது.

தேர்வு செய்ய நேரமே இல்லாத சமயங்கள்

சாகப்போகிறேன் என்று சொல்பவர், அதற்கு வழி தேடிவைத்திருப்பவர், யாருக்கும் கேட்காத குரல் காதில் கேட்பவர், நாலைந்து நாள் தூங்காமலேயே உற்சாகமாகப் பேசிக்கொண்டு கையில் இருப்பதையெல்லாம் வாரி இறைப்பவர், வருடக்கணக்கில் குடித்துவிட்டு இன்று காலையில் சட்டென்று நிறுத்தியவர். இவர்களுக்கு இந்தக் கட்டுரை வேண்டாம். நேராக ஆஸ்பத்திரி. ஜெபத்தை வண்டியில் போகும்போதே செய்துகொள்ளலாம். தோட்டத்து வீடு என்றால் பூச்சிமருந்து டப்பாவைப் பக்கத்து வீட்டுக்கு மாற்றிவிட்டுக் கிளம்புங்கள்.

எதை வைத்து எடை போடுவது

முதலாவது, நீங்கள் சொன்னது யார் காதுவரை போகும். கீழே கோயம்புத்தூரில் இருப்பவர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. ஒரு ஹட்டியிலோ (படுகர் ஊர்) எஸ்டேட் லைன் வீட்டிலோ இருப்பவர்களுக்கு இதுதான் முழு விஷயமும். அடுத்தது, எதிரில் உட்கார்ந்திருப்பவர் கேட்பதற்குப் பயிற்சி பெற்றவரா, பேசுவதற்கு மட்டும் பெற்றவரா. மூன்றாவது, ஒரு தடவை போய்வர எத்தனை நாள் கூலி போகும். நாலாவது, உங்கள் விசுவாசத்துக்கு அங்கே இடம் உண்டா, அல்லது அதை வாசலில் செருப்போடு கழற்றிவிட்டுப் போக வேண்டுமா.

கடைசியாக ஒன்று, நான் இதற்குத்தான் அதிக மதிப்பெண் போடுவேன்: தன் கையை மீறும்போது அடுத்தவரிடம் அனுப்பிவைப்பாரா? அனுப்பத் தெரியாதவர் எவ்வளவு பக்தியானவரானாலும், எவ்வளவு படித்தவரானாலும் எனக்குப் பயம்தான்.

அவசரக்காரர்களுக்காக ஒரு அட்டவணை:

| யாரிடம் | கையிலிருந்து போகும் பணம் | கண்ணுக்குத் தெரியாத செலவு | எப்போது சரி |
|---|---|---|---|
| சபை ஐயர், ஃபாதர், பாஸ்டர் | இல்லை | ஊருக்குத் தெரிந்துவிடும் அபாயம் | துக்கம், குற்ற உணர்வு, மன்னிப்பு |
| பாஸ்டரல் கவுன்சலர் | காணிக்கை அல்லது சிறு கட்டணம் | பல வாரம் தொடர வேண்டும், ஆள் கிடைப்பது அரிது | கடவுளோடும் மனிதரோடும் சிக்கல் முடிச்சாகக் கிடக்கும்போது |
| மனநல மருத்துவர், உளவியலாளர் | அரசில் இலவசம், தனியாரில் கட்டணம் | ஒரு நாள் கூலி, பஸ் அலைச்சல், பேச நேரம் குறைவு | உடம்பையும் தூக்கத்தையும் நோய் பிடித்துவிட்டபோது |
| தொலைபேசி | இல்லை | ஒவ்வொரு முறையும் புதுக் குரல் | ராத்திரி இரண்டு மணி |

சபை ஐயர், ஃபாதர், பாஸ்டர்

சி.எஸ்.ஐ.யில் ஐயர், கத்தோலிக்கரிடம் ஃபாதர், பெந்தெகொஸ்தேயில் பாஸ்டர். பெயர் எதுவானாலும் இவருக்கு இருக்கிற ஒரு வசதி வேறு யாருக்கும் இல்லை: கூப்பிடாமலே வீட்டுக்கு வரலாம். எந்த டாக்டரும் மூடுபனியில் நடந்துவந்து உங்கள் அடுப்படியில் உட்கார்ந்து கட்டஞ்சாயா குடிக்கப் போவதில்லை. அடக்கத்தில் முதல் பிடி மண் போட்டவர், ஞானஸ்நானம் கொடுத்தவர், மாமியாருக்கும் மருமகளுக்கும் என்ன தகராறு என்று ஏற்கெனவே தெரிந்தவர். முன்கதை சொல்லியே மூச்சு வாங்க வேண்டியதில்லை.

துக்க வீட்டில் இது மருந்தைவிடப் பெரிது. பைபிளில் எல்லாவற்றையும் இழந்து தவித்த யோபுவின் நண்பர்களைப் பற்றி எல்லாரும் குறைதான் சொல்வார்கள். ஆனால் முதல் 7 நாள் அவர்கள் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரைக்கும் நல்ல மேய்ப்பர்கள். வாயைத் திறந்து காரணம் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் கெட்டுப்போயிற்று. நம் ஊர் ஐயர்களிலும் இந்த இரண்டு வகையும் உண்டு, உங்கள் ஐயர் எந்த வகை என்பது இழவு வீட்டில் அவர் நடந்துகொண்ட விதத்திலேயே தெரிந்திருக்கும்.

மறைந்திருக்கும் செலவுக்கு வருகிறேன். உங்கள் கதையைக் கேட்டவரேதான் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கமும் செய்கிறார். என் தம்பி விஷயத்தை நான் அழுதுகொண்டே ஒருவரிடம் சொன்னேன். இரண்டு வாரம் கழித்துப் பிரசங்கத்தில் "குடிகாரத் தம்பியைச் சுமக்கும் ஒரு சகோதரி" வந்தாள். பெயர் சொல்லவில்லைதான். சபையில் அப்படி எத்தனை சகோதரிகள் இருக்கப்போகிறார்கள், எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. அவர் கெட்டவர் இல்லை. பாராட்டுகிறோம் என்றே நினைத்திருப்பார். அதற்குப் பிறகு ஒரு வருடம் நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை, அதுதான் செலவு. அதனால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: "ஐயா, இது ஜெபக் குறிப்பாகவும் வேண்டாம், பிரசங்கத்திலும் வேண்டாம்."

கத்தோலிக்கருக்கு இதில் ஒரு பாதுகாப்பு உண்டு. பாவசங்கீர்த்தனத்தில், அதாவது குருவிடம் செய்யும் பாவ அறிக்கையில், சொன்னதைக் குருவானவர் எந்தக் காரணத்துக்காகவும் வெளியே விடக் கூடாது, மீறினால் திருச்சபைச் சட்டத்தின் மிகக் கடுமையான தண்டனைகளில் ஒன்று. ஆனால் வரிசையில் உங்களுக்குப் பின்னால் பத்துப் பேர் நிற்கும்போது நடக்கும் பாவசங்கீர்த்தனம் கவுன்சலிங் ஆகாது. வேறு ஒரு நாள் தனியாக நேரம் கேளுங்கள். அந்தத் தனிப் பேச்சுக்குப் பாவசங்கீர்த்தனத்தின் இரகசிய முத்திரை தானாக வந்துவிடாது என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐயர்களுக்கு மாற்றல் வரும் என்பதும் ஒன்று. பாதிக் கதையில் அவர் வேறு சபைக்குப் போய்விடுவார், புதியவரிடம் 'அ'விலிருந்து தொடங்க வேண்டும்.

பாஸ்டரல் கவுன்சலர்

ஐயரிடம் பேசுவதும் இதுவும் ஒன்றுதானே என்று பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கத்தோலிக்க வட்டாரத்தில் ஆற்றுப்படுத்துதல் என்று அழகாகச் சொல்வார்கள், அந்தச் சொல்லிலேயே கொஞ்சம் விளக்கம் இருக்கிறது.

இந்தத் துறையைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் அன்டன் பாய்சன் என்ற அமெரிக்கப் போதகர். 1920இல் அவரே புத்தி பேதலித்து மனநல மருத்துவமனையில் அடைக்கப்பட்டார். குணமாகி வந்தபின் 1925இல் மாசசூசெட்ஸின் உஸ்டர் அரசு மருத்துவமனைக்கு இறையியல் மாணவர்களை அழைத்துப்போய், புத்தகத்தைப் படிக்கிற மாதிரி நோயாளிகளைப் படியுங்கள் என்றார். அவர்களை உயிருள்ள மனித ஆவணங்கள் என்று அழைத்தார். வார்டுக்குள் கற்கும் அந்தப் பயிற்சி இன்று உலகம் முழுக்க நடக்கிறது. நமக்குப் பக்கத்தில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் சாப்ளயன்சி துறை (அங்குள்ள போதகர்களின் துறை) அதைத் தருகிறது, அதே ஊரில் கிறிஸ்தவ ஆலோசனை மையமும் இருக்கிறது.

பயிற்சியின் உயிர்நாடி ஒரு நோட்டுப்புத்தகம். நோயாளியோடு பேசிவிட்டு வந்ததும், அவர் என்ன சொன்னார், நான் என்ன சொன்னேன், எங்கே இருமினார், எங்கே நான் பேச்சை மாற்றினேன் என்று வரிக்கு வரி எழுத வேண்டும். பெயரை மட்டும் மாற்றிவிட்டு மூத்தவர் அதைக் குழுவில் வாசிக்கச் சொல்வார். என் நோட்டில் ஒரு அம்மா "கடவுள் என்ன மறந்துட்டாரு" என்று சொன்ன அடுத்த வரியில் நான் "அப்படிச் சொல்லாதீங்கம்மா" என்று எழுதியிருந்தேன். மூத்தவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "யாருக்குப் பயம் வந்தது, அவங்களுக்கா உங்களுக்கா?" இருபது வருடம் வகுப்பெடுத்தும் யாரும் என்னை அப்படி நிறுத்தியதில்லை.

இப்படித் தட்டிக்கொட்டப்பட்டவர் எதிரில் உட்காரும்போதுதான் வித்தியாசம் தெரியும். குணமாக்குவது உறவுதான் என்பதைப் பலர் பல விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். கார்ல் ரோஜர்ஸ் 1957இல் எழுதியது, எதிரில் இருப்பவரின் உண்மைத்தன்மை, நிபந்தனையில்லாத மதிப்பு, உள்ளே புகுந்து புரிந்துகொள்ளுதல் ஆகியவைதான் மனிதரை மாற்றுகின்றன என்று. (இந்த ரோஜர்ஸ் முதலில் இறையியல் கல்லூரியில் இரண்டு வருடம் படித்துவிட்டு அங்கிருந்து உளவியலுக்குத் தாவியவர். கிருபை என்ற பாடத்தை மட்டும் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார் என்று நான் நினைத்துக்கொள்வேன்.) 1979இல் எட்வர்ட் போர்டின் அந்த உறவை மூன்றாகப் பிரித்தார்: எதற்காகப் பேசுகிறோம் என்பதில் ஒப்புதல், எப்படிப் போவது என்பதில் ஒப்புதல், இருவருக்கும் இடையிலான பிணைப்பு. மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் நொண்டும்.

சரி, விசுவாசம் இதில் எங்கே வேலை செய்கிறது? கென்னத் பர்கமென்ட் என்ற உளவியலாளர் இதை நிறைய ஆராய்ந்தவர். கடவுளைப் பிடித்துக்கொள்வதிலும் இரண்டு விதம் உண்டு என்கிறார். "அவர் என்னோடு நடக்கிறார்" என்பது தாங்கும். "என்னைத் தண்டிக்கிறார், கைவிட்டுவிட்டார்" என்பது அரிக்கும். 2001இல் வெளியான அவர் குழுவின் ஆய்வில், மருத்துவமனையில் இருந்த முதியவர்களை இரண்டு வருடம் தொடர்ந்து பார்த்தபோது, இந்த இரண்டாவது போராட்டத்தில் சிக்கியவர்களுக்கு மரண அபாயம் கூடுதலாக இருந்தது. மனநல டாக்டர் இந்த முடிச்சைப் பெரும்பாலும் தொடமாட்டார். ஐயர் தொட்டால் உடனே வசனம் சொல்லி மூடிவிடுவார். கவுன்சலர் அங்கேயே உட்காருவார்.

உதாரணத்துக்கு, வேளாங்கண்ணிக்குப் பொருத்தனை (நேர்த்திக்கடன்) வைத்துவிட்டுப் போகாமல் விட்டதால்தான் பிள்ளை செத்தது என்று நம்பும் ஒரு அப்பா. "கடவுள் அப்படியெல்லாம் செய்யமாட்டார்" என்றால் அவர் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய் அதையேதான் நினைப்பார். நல்ல கவுன்சலர், அந்தப் பொருத்தனையை எப்போது வைத்தீர்கள், யாருக்காக, போகமுடியாமல் போனது எப்படி என்று கேட்டுக்கொண்டே போவார். நாலாவது வாரத்தில், சின்ன வயதில் பாக்கி வைத்தால் தன் அப்பா அடித்த அடி வெளியே வரும். கடவுளின் முகத்தில் அப்பாவின் மீசை ஒட்டியிருப்பது அவருக்கே தெரியவரும். அப்போது 88ஆம் சங்கீதத்தைச் சேர்ந்து வாசிக்கலாம். முதலிலிருந்து கடைசிவரை புலம்பல், ஆறுதல் வராமலேயே இருட்டில் முடியும் சங்கீதம் அது. "கடவுள்கிட்ட இப்படிக் கத்தலாமா?" என்று அவர் கேட்பாரே, அந்த இடத்தில்தான் கட்டி உடைகிறது.

செலவு? இவர்கள் மலையில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். எட்டுப் பத்து வாரமாவது தொடர வேண்டும், பச்சைத் தேயிலை விலை இறங்கியிருக்கும் மாதத்தில் வாரா வாரம் குன்னூர் போய்வருவது எளிதில்லை. காணிக்கை என்று சொன்னால் எவ்வளவு வைப்பது என்ற சங்கடம் வேறு. இதைவிட முக்கியம், நம் நாட்டில் கவுன்சலர் என்று போர்டு மாட்டிக்கொள்ள நடைமுறையில் எந்தத் தடையும் இல்லை. மூன்று நாள் முகாமுக்குப் போனவரும் அதே போர்டுதான் மாட்டுவார். ஆகவே முதல் நாளே கேளுங்கள்: எங்கே, எவ்வளவு காலம் படித்தீர்கள்? உங்கள் வேலையை மேற்பார்வை பார்ப்பவர் யார்? எந்த நிலையில் டாக்டரிடம் அனுப்புவீர்கள்? கேள்வியே பிடிக்காமல் முகம் மாறினால் பை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுங்கள்.

விவாகரத்து, சாதி மாறிய காதல், பாலியல் விருப்பம் மாதிரி விஷயங்களில் அவர் தன் சபையின் போதனையைத் தாண்டுவாரா என்பதையும் நேராகவே கேட்டுவிடலாம். எனக்குத் தெரிந்த இந்துப் பெண் ஒருத்தி ஒரு சிஸ்டரிடம் மாதக்கணக்கில் போனாள், ஒரு தடவைகூட அவளை முழங்காலில் நிற்கச் சொல்லவில்லை. அதுதான் சரியான ஆளுக்கு அடையாளம். இன்னொன்று, குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்திருந்தால் 2012 போக்ஸோ சட்டப்படி அது தெரியவந்த எவரும் புகார் கொடுத்தே ஆக வேண்டும். அதை இரகசியமாக வைத்திருக்கிறேன் என்று சொல்பவரை நம்பாதீர்கள்.

மனநல மருத்துவர், உளவியலாளர்

மருந்து எழுதுபவர் மனநல மருத்துவர். பேச்சு சிகிச்சையும் சோதனைகளும் செய்பவர் மருத்துவ உளவியலாளர், இவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றிருக்க வேண்டும். ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். மாவட்ட மனநலத் திட்டக் குழு உங்கள் பக்கத்து அரசு மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருகிறது என்று விசாரித்தால் பஸ் செலவு மிச்சம். அல்லது கோவை.

சோர்வு என்று நினைத்தது தைராய்டு குறைவாக இருக்கலாம், ஒரு இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். எத்தனை ஜெபக்கூட்டம் போனாலும் அது தெரியாது. மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் நாலு வாரமாவது ஆகும். "பத்து நாள் சாப்பிட்டேன், ஒண்ணும் ஆகல" என்று நிறுத்தியவர்கள்தான் நம் ஊரில் அதிகம். நிறுத்துவதென்றாலும் டாக்டரைக் கேட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான்.

பெரிய குறை நேரம். வெளிநோயாளி வரிசையில் ஐந்து நிமிடம் கிடைத்தால் அதிகம். தம்பி செத்த கதையை அதில் எங்கே சொல்வது. வரிசையில் நிற்கும்போது பக்கத்து ஹட்டிக்காரர் பார்த்துவிடுவாரோ என்ற பயம் இன்னொன்று. டாக்டர் உங்கள் தகவலை இரகசியமாக வைக்க வேண்டும் என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது, வரிசைக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. சில டாக்டர்கள் ஜெபம் என்றதும் ஒரு சிரிப்புச் சிரிப்பார்கள். அதைப் பொறுத்துக்கொண்டு மருந்தை மட்டும் வாங்கிவந்தாலும் நஷ்டமில்லை.

தொலைபேசி

14416, டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண். 2022 அக்டோபரில் தொடங்கியது, இலவசம், 24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம். லைன் வீட்டில் ஒரு சுவருக்கு அந்தப்பக்கம் இருமினாலும் கேட்கும் என்பதாலும், பாதி எஸ்டேட்டில் சிக்னலே கிடையாது என்பதாலும், தேயிலைக் காட்டு மேட்டுக்கு ஏறி நின்றுதான் பேச வேண்டியிருக்கும். பரவாயில்லை, அங்கே யாரும் கேட்கமாட்டார்கள். முதல் வார்த்தை வெளியே வர இது நல்ல வழி. ஆனால் உறவு என்று ஒன்று வளர இடமில்லை.

உபவாச முகாம்களும் தியான இல்லங்களும்

இதை அட்டவணையில் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. என் தம்பியைக் கீழே ஒரு ஜெப முகாமுக்குக் கூட்டிப்போனோம். வருடக்கணக்கில் குடித்தவன் ஒரே நாளில் நிறுத்தினான், கூடவே உபவாசம். இரண்டாம் நாள் வலிப்பு வந்தது. முகாமில் இருந்தவர்கள் பிசாசு போகிறது என்று சுற்றி நின்று கைதட்டிப் பாடினார்கள். குடியை சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பும், அதற்கடுத்த நாட்களில் உயிருக்கே ஆபத்தான பிதற்றலும் வரலாம் என்று ஆஸ்பத்திரியில்தான் சொன்னார்கள். மனநிலை ஏற்ற இறக்கத்துக்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுபவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் உபவாசம் இருந்தால் மருந்தே விஷமாகும். சர்க்கரை நோயாளியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். டாக்டரைக் கேட்காமல் உபவாசம் வேண்டாம்.

2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் என்ன நடந்தது என்று நம் வயதுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தில் சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் தீயில் கருகினார்கள். எந்த மதத்து இடமானாலும், கட்டிவைக்கிற இடத்துக்கும் மாத்திரையை வாங்கி எறிகிற இடத்துக்கும் ஆளை அனுப்பாதீர்கள்.

அமைதியாக உட்காரும் இடங்கள் வேறு வகை. கொடைக்கானல் போகிற வழியில் பெருமாள்மலையில் இயேசு சபைக் குரு ஆமா சாமி தொடங்கிய போதி ஜென்டோ என்ற ஜென் தியான இல்லம் இருக்கிறது. சுவரைப் பார்த்து மௌனமாக உட்காருவது தெளிவைத் தரலாம். நோய் முற்றிய நிலையிலும், மனக்காயம் பச்சையாக இருக்கும்போதும் நீண்ட மௌனம் சிலரை இன்னும் கலைத்துவிடும். தேறியபின் போகிற இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெண்ணுக்குச் சொன்னது

மறுவாரம் நானே அவளுக்குப் போன் செய்தேன். நாலு மாதமாகத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வேலைக்குப் போகவில்லை என்றால் துக்கத்தோடு நோயும் சேர்ந்திருக்கலாம், அதனால் முதலில் ஊட்டி, இரத்தப் பரிசோதனையும் சேர்த்து. தூக்கம் கொஞ்சம் திரும்பியதும் குன்னூர் சிஸ்டர், ஏனென்றால் தம்பியோடு கடைசியாகப் போட்ட சண்டையைப் பற்றி அவன் யாரிடமாவது பேசித்தான் ஆக வேண்டும், அதை டாக்டரின் ஐந்து நிமிடத்தில் பேச முடியாது. மாத்திரை என்ன என்று சிஸ்டருக்குத் தெரியட்டும், சிஸ்டரிடம் போகிறான் என்று டாக்டருக்குத் தெரியட்டும். மாமியாரின் ஜெபம் வீட்டிலேயே நடக்கட்டும், சாப்பாட்டுக்கு அப்புறம்.

அவள் யோசித்துவிட்டுக் கேட்டாள்: "ஐயருக்குச் சொல்லாம டாக்டர்கிட்ட போனா கோவிச்சுக்குவாரா டீச்சர்?"

"சொல்லாம ஏன் போற? கூட வரச் சொல்லு" என்றேன்.

செவ்வாய்க்கிழமை போயிருக்கிறார்கள். ஐயரும் போயிருக்கிறார். டாக்டர் அறைக்குள் புருஷனும் பெண்டாட்டியும் போக, அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அவர்கள் பையையும் குடையையும் மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாராம்.